வைரமுதுகு அந்துப்பூச்சி: முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பயிரைக் காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

முட்டைக்கோஸ் இலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சின்னப் பச்சைப் புழுவை ஒரு ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். விருட்டென்று பின்பக்கமாக நெளிந்து, இலை விளிம்பிலிருந்து விழுந்து, ஒரு நூலிழையில் தொங்கினால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. ஆபத்து நீங்கியதும் அதே நூலைப் பிடித்து மேலேறி இலைக்குத் திரும்பிவிடும். அறிவியல் பெயர் புளுட்டெல்லா சைலோஸ்டெல்லா. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, நூல்கோல், முள்ளங்கி, டர்னிப், சீன முட்டைக்கோஸ், கடுகு எனக் கடுகுக் குடும்பப் பயிர் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இதுவும் உண்டு.

இந்தப் பூச்சியை மருந்தால் மட்டும் அடக்க முடியாது. அதன் நாள்கணக்கைத் தெரிந்துகொண்டு, செடியைப் புரட்டி எண்ணிப் பார்த்து, தேவையான நாளில் தேவையானதை மட்டும் செய்பவருக்கே பயிர் கைக்கு வரும். கீழே சொல்லியிருப்பது எல்லாம் இந்த அடிப்படையில்தான்.

படி 1: பூச்சியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

தாய்ப்பூச்சி மிகச் சிறியது. 6 முதல் 9 மில்லிமீட்டர் நீளம், ஒல்லியான சாம்பல் கலந்த பழுப்பு உடல். இறக்கையை மடித்து உட்கார்ந்திருக்கும்போது முதுகின் நடுவே வெளிர்மஞ்சள் நிறத்தில் வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும். பெயர் வந்தது அதனால்தான். பகலில் இலைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அந்தி சாய்ந்ததும் செடிக்கு மேல் தாழப் பறக்கும். தானாகப் பறந்தால் அதிக தூரம் போகாது. ஆனால் காற்று தூக்கிக்கொண்டு போனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்துவிடும்.

முட்டையைப் பார்க்க லென்ஸ் வேண்டும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத, தட்டையான மஞ்சள் முட்டைகள் ஒன்றொன்றாகவோ சிறு கூட்டமாகவோ நரம்பை ஒட்டிய பள்ளங்களில் இருக்கும்.

புழுவுக்கு நான்கு பருவங்கள். முதல் பருவத்தில் அது இலைக்கு வெளியே இருப்பதே இல்லை. இலைத் திசுவுக்குள் புகுந்து தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். இரண்டாம் பருவத்தில் வெளியே வந்து இலையின் அடிப்புறத்தைச் சுரண்டும். மேல்தோலை மட்டும் விட்டுவிடுவதால், இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி பதித்த சின்னச் சன்னல்கள் போல இருக்கும். அந்தத் தோல் காய்ந்து உதிர்ந்த பிறகுதான் ஓட்டை விழும். ஆக, ஓட்டையைப் பார்த்து விழித்துக்கொள்பவர் பல நாள் தாமதமாகத்தான் விழிக்கிறார்.

முழுதாக வளர்ந்த புழு 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். இரு முனையும் கூம்பியிருக்கும். பின்முனையில் கடைசி ஜோடிக் கால்கள் கவட்டை போல விரிந்து நிற்கும். உடலை வளைத்து அடியளந்து நடக்கும் புழு, கூட்டமாகத் தின்னும் புழு, இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் புழு, குருத்துக்குள் பட்டுநூலும் எச்சமுமாக அடைந்து கிடக்கும் புழு ஆகியவை வேறு இனங்கள். அவற்றுக்கான கணக்கும் மருந்தும் வேறு என்பதால் இங்கே தவறினால் பிறகு எல்லாமே தவறும்.

கூட்டுப்புழு, மெல்லிய வலைத்துணியில் சுற்றிவைத்தது போன்ற வெள்ளைக் கூட்டுக்குள் இருக்கும். கூட்டின் வழியே உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும்: முதலில் பச்சை, பூச்சி வெளிவரும் நாள் நெருங்க நெருங்கப் பழுப்பு.

படி 2: அதன் நாள்கணக்கைப் போடுங்கள்

முட்டையிலிருந்து தாய்ப்பூச்சி ஆகும் வரை எத்தனை நாள் என்பதை வெப்பம்தான் முடிவு செய்கிறது. சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு டிகிரியும் கணக்கில் சேரும். மொத்தம் ஏறக்குறைய 280 சேர்ந்தால் ஒரு தலைமுறை முடிந்தது.

போட்டுப் பாருங்கள். நாள் சராசரி வெப்பம் 25 டிகிரி என்றால் 25-இல் 7 போக 18. 280-ஐ 18-ஆல் வகுத்தால் 15 அல்லது 16 நாள். சராசரி 20 டிகிரி என்றால் 21 அல்லது 22 நாள். 15 டிகிரி என்றால் 35 நாள். ஒரே வயலில் ஒரே பயிர், வெயில் காலத்தில் இரு மடங்கு வேகத்தில் பூச்சியைப் பெருக்குகிறது. வெப்ப நாடுகளில் ஆண்டுக்கு 20 தலைமுறைக்கு மேல் வருவது இப்படித்தான். ஒரு தாய்ப்பூச்சி ஏறக்குறைய 150 முட்டை இடும். நல்ல சூழலில் அதற்கும் மேல்.

ஒரு தலைமுறைக்கு ஆகும் இந்த நாள் எண்ணிக்கையை வயல் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வயலைப் பார்ப்பது, எப்போது மருந்தின் வகையை மாற்றுவது என்ற இரண்டுக்கும் அதுவே அளவுகோல்.

மருந்து ஏன் இதனிடம் தோற்கிறது

கடுகுக் குடும்பச் செடிகள் தம்மைக் காத்துக்கொள்ளக் கந்தகம் கலந்த ஒரு காரச் சேர்மத்தை வைத்திருக்கின்றன. கடுகு நெடி அதிலிருந்து வருவதுதான். பல பூச்சிகளுக்கு அது விஷம். வைரமுதுகுப் புழுவின் குடலிலோ அந்தச் சேர்மம் நெடியாக மாறுவதற்கு முன்பே அதைச் செயலிழக்கச் செய்யும் நொதி இருக்கிறது. தாய்ப்பூச்சி அந்த வாசனையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு முட்டையிட இடம் தேடுகிறது. செடியின் விஷத்தோடு காலங்காலமாகப் பழகி வந்த இந்த இனம், இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறையும் எடுத்தால் மனிதன் கொடுக்கும் விஷத்துக்கும் விரைவில் பழகிவிடும்.

அது நடந்தும் இருக்கிறது. டி.டி.டி.-க்கு இந்தப் பூச்சி எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டதாக 1953-இல் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பதிவானது. பி.டி. எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர் மருந்துக்கு வயல்வெளியில் எதிர்ப்பு பெற்ற முதல் பூச்சியும் இதுவே. ஹவாயில் கண்டறியப்பட்டு 1990-இல் வெளிவந்தது. பிறகு டயமைடு வகை மருந்துகள் (படி 8-இல் வரும் 28-ஆம் குழு) வந்தபோது, பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் சில ஆண்டுகளுக்குள் அவையும் வேலை செய்யாமல் போயின. ஒவ்வொரு முறையும் கதை ஒன்றுதான்: புதிய மருந்து நன்றாக வேலை செய்தது, அதனாலேயே அதை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தார்கள்.

படி 3: நாற்றைச் சுத்தமாக வயலுக்குக் கொண்டுவாருங்கள்

வயலுக்குப் பூச்சி பெரும்பாலும் நாற்றோடுதான் வருகிறது. குழித்தட்டு நாற்றுகளை 1 மில்லிமீட்டருக்கும் குறைவான கண் உள்ள பூச்சிவலைக்குள் வளருங்கள். வலை இலையில் உரசினால், தாய்ப்பூச்சி வெளியே உட்கார்ந்தபடியே வலைக்கண் வழியாக முட்டை வைத்துவிடும். எனவே வளைவுக் கம்பி வைத்து வலையை இலைக்கு மேல் ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள். ஓரங்களில் மண் அணைத்து மூடுங்கள். ஏற்கெனவே புழு உள்ள நாற்றை வலைக்குள் வைத்தால் நன்மை செய்யும் பூச்சிகள் உள்ளே வர வழியில்லாமல் புழு மட்டும் நிம்மதியாகப் பெருகும். வலை போடும் முன் ஒவ்வொரு தட்டையும் பார்த்துவிடுங்கள்.

நடவுக்கு முந்தைய நாள் தட்டுக்கு 10 நாற்றாவது புரட்டிப் பாருங்கள். இலைக்குள் வெள்ளைக் கோடு இருந்தால் அந்த இலையையோ நாற்றையோ கிள்ளி அழியுங்கள். குருத்து கடிபட்ட நாற்று வேண்டவே வேண்டாம். அது கோஸ் கட்டாமல் போகும், அல்லது ஒரே தண்டில் நாலைந்து சிறு கோஸ்களாகப் பிரியும்.

நடும் இடமும் முக்கியம். பக்கத்தில் முற்றிய முட்டைக்கோஸ் இருந்தால், காற்று அங்கிருந்து புது வயலை நோக்கி அடிக்காத இடமாகத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு பாத்தி என்று தொடர்ந்து நட்டுக்கொண்டே போனால், பூச்சிக்குப் பந்தி முடிவதே இல்லை. ஒரே நேரத்தில் நட்டு ஒரே நேரத்தில் அறுத்து, நடுவில் கடுகுக் குடும்பமே இல்லாத ஓர் இடைவெளி விடுவது எந்த மருந்தைவிடவும் பலன் தரும்.

படி 4: கடுகைப் பொறிப்பயிராக வையுங்கள்

முட்டைக்கோசைவிடக் கடுகின் மேல் இந்தத் தாய்ப்பூச்சிக்குப் பிரியம் அதிகம். 25 வரிசை முட்டைக்கோசுக்கு இரண்டு வரிசை கடுகு என்பது நன்கு சோதிக்கப்பட்ட அளவு. முதல் வரிசைக் கடுகை நடவுக்கு 15 நாள் முன்பும், இரண்டாவதை நடவுக்குப் பின் 25-ஆம் நாளும் விதைக்க வேண்டும். இரண்டாகப் பிரித்து விதைப்பதற்குக் காரணம் உண்டு. கடுகு சீக்கிரம் முற்றிக் காய்ந்துவிடும். ஒரே தடவையில் விதைத்தால், கோஸ் கட்டும் நேரத்தில் பொறி இருக்காது.

பலர் தவறுவது அடுத்த வேலையில். கடுகை விதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அது பொறியாக இருக்காது, பூச்சிப் பண்ணையாகிவிடும். கடுகு வரிசையை வாரத்துக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்து, புழு தென்பட்டதும் அங்கே மட்டும் மருந்து தெளியுங்கள். செடி முற்றினால் பிடுங்கி மக்கவைத்துவிடுங்கள். முற்றிய கடுகை வயலில் விட்டுவைத்தால் அதில் வளர்ந்த பூச்சிகள் எல்லாம் முட்டைக்கோசுக்கு நகரும்.

படி 5: எண்ணுங்கள், பிறகு முடிவெடுங்கள்

தாய்ப்பூச்சி வருகையை அறிய இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். இந்தப் பூச்சிக்கு உரிய கவர்ச்சிக் குப்பியும் ஒட்டும் அட்டையும் கொண்ட முக்கோணப் பொறி நல்லது. செடியின் உச்சிக்கு ஒரு சாண் மேலே தொங்கட்டும். செடி வளர வளரப் பொறியையும் உயர்த்துங்கள். குப்பியை அதன் உறையில் உள்ள கெடு தாண்டி வைத்தால் பொறி காலியாக இருக்கும், வயலில் பூச்சி இருக்கும். பொறியில் விழுவது ஆண்பூச்சி மட்டுமே என்பதால் அதை எச்சரிக்கை மணியாக மட்டும் கொள்ளுங்கள். தெளிக்கலாமா வேண்டாமா என்பதைச் செடிதான் சொல்ல வேண்டும்.

செடியை எண்ணுவது இப்படி: வாரம் ஒருமுறை, வெயில் காலத்தில் இருமுறை, வயலில் வளைந்து வளைந்து நடந்து 5 இடங்களில் இடத்துக்கு 10 செடி பாருங்கள். வரப்போரச் செடிகளை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு செடியிலும் முதலில் குருத்தை விரலால் லேசாக விலக்குங்கள். அடுத்து நடு அடுக்கில் இரண்டு இலையைப் புரட்டுங்கள். கடைசியாக மண்ணைத் தொடும் கீழ் இலை. புழு உள்ள செடி, இல்லாத செடி என்று மட்டும் குறித்தால் போதும். எத்தனை புழு என்று எண்ணத் தேவையில்லை. கூடவே, புழு சின்னதா பெரியதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முட்டைக்கோசில் பரவலாகக் கையாளப்படும் எல்லை இது. நாற்றங்காலில் 100-க்கு 10 செடியில் புழு இருந்தால் நடவடிக்கை தேவை. நட்டதிலிருந்து உள்ளிலைகள் கிண்ணம் போல வளையத் தொடங்கும் வரை 100-க்கு 30 செடி. அதிலிருந்து கோஸ் கட்டத் தொடங்கும் வரை 20. கோஸ் கட்டியதிலிருந்து அறுவடை வரை 5. நடு வளர்ச்சியில் வெளி இலை தின்னப்படுவதை முட்டைக்கோஸ் நன்றாகவே தாங்கும். நமக்குத்தான் மனம் தாங்காது. அந்த நேரத்தில் பொறுமையாக இருந்தால்தான் நன்மை செய்யும் குளவிகள் பெருகும். காலிஃபிளவரில் பூ தெரியத் தொடங்கியதும் கண்டிப்பு வேண்டும். பூவின் இடுக்கில் போய்க் கூடு கட்டிய புழுவை எந்த மருந்தும் வெளியே எடுக்காது.

படி 6: ஏற்கெனவே வேலை செய்பவர்களைக் கெடுக்காதீர்கள்

இந்தப் புழுவைத் தேடிப் பிடித்து அதன் உடலுக்குள் முட்டையிடும் குளவிகள் உண்டு. குளிர்ந்த மலைப்பகுதிகளில் டயடெக்மா செமிக்ளாசம், வெப்பமான சமவெளிகளில் கொட்டீசியா வெஸ்டாலிஸ் ஆகியவை முதன்மையானவை. இரண்டையும் இடம் மாற்றி விட்டால் பலனில்லை. டயடெக்மா கடும் வெப்பத்தைத் தாங்காது.

அவை வயலில் இருக்கின்றனவா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழ் இலைகளில் வலைக்கூடுகளை 20 எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே கூர்முனையுடன் பச்சையாகக் கூட்டுப்புழு தெரிந்தால் அதிலிருந்து அந்துப்பூச்சிதான் வெளிவரும். அதே வலைக்குள் இரு முனையும் மழுங்கி, உள்ளே இருப்பது தெரியாதபடி பழுப்பாகச் சின்னப் பீப்பாய் போல ஒன்று இருந்தால் அது டயடெக்மா குளவியின் கூடு. வலையே இல்லாமல், அரிசி நொய் அளவில் வெள்ளையாக ஒன்று மட்டும் இலையில் ஒட்டியிருந்தால் அது கொட்டீசியா. 20-இல் பாதிக்கு மேல் குளவிக் கூடாக இருந்தால், செடிக்கணக்கு எல்லையைத் தொட்டிருந்தாலும் பி.டி. அல்லது வேம்போடு நிறுத்திக்கொள்வதே எங்கள் பரிந்துரை.

குளவிக்குத் தேன் வேண்டும். வரப்பில் கொத்தமல்லி, சோம்பு போன்றவற்றைப் பூக்க விடுங்கள். பைரித்ராய்டு, ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளை இந்தப் பயிரில் தொடாதீர்கள். பல இடங்களில் வைரமுதுகுப் புழு அவற்றுக்கு அசைவதே இல்லை. சாவது குளவியும் சிலந்தியும்தான். அடுத்த தலைமுறையில் புழு தடையின்றிப் பெருகும்.

தண்ணீரும் ஒரு கருவிதான். கனமழையில் முட்டையும் இளம்புழுவும் பெருமளவில் அடித்துச் செல்லப்படும். தெளிப்பு நீர்ப்பாசனம் உள்ளவர்கள் அந்தி நேரத்தில் பாய்ச்சினால் பூச்சிகள் இணைசேர்வதும் முட்டையிடுவதும் தடைபடும். இலை நீண்ட நேரம் ஈரமாக இருந்தால் கருப்பு அழுகல் நோய் பரவும் என்பதால் நோய் தென்படும் வயலில் இது வேண்டாம்.

படி 7: முதல் ஆயுதம் பி.டி.யும் வேம்பும்

பி.டி. தொட்டால் கொல்லாது, தின்றால்தான் கொல்லும். தின்ற புழு சில மணி நேரத்தில் மேய்வதை நிறுத்திவிடும். சாக இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் காலை உயிருள்ள புழுவைப் பார்த்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று அதற்கு மேல் வேறொன்றை அடிப்பது வீண் செலவு. வெயிலில் இந்த மருந்து சீக்கிரம் சிதையும் என்பதால் மாலையில் தெளியுங்கள். சின்னப் புழுவுக்கு நன்றாக வேலை செய்யும். கடைசிப் பருவப் புழுவுக்கு அவ்வளவாக இல்லை. தெளிப்பு நீர் அதிகக் காரத்தன்மை கொண்டதாக இருக்கக் கூடாது. குர்ஸ்டாகி, ஐசவாய் என இரண்டு வகை கிடைத்தால் தலைமுறைக்கு ஒன்றாக மாற்றுங்கள்.

வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் தயாரிக்க: தோல் நீக்கிக் காய்ந்த பருப்பு 5 கிலோ எடுத்துத் தூளாக்குங்கள். கொட்டை சேகரித்து 3 மாதத்துக்குக் குறையாமலும் 8 மாதத்துக்கு மிகாமலும் இருப்பது நல்லது. 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் நன்றாகக் கலக்கி, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பைக் கரைத்துச் சேருங்கள். சாறு பால் போல வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் கொட்டை பழசு அல்லது பூஞ்சை பிடித்தது, பலன் குறையும். அன்றைக்கே மாலையில் தெளித்துவிடுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள். வேம்பு பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. தின்பதையும் தோலுரிப்பதையும் தடுக்கும். பலனை 4, 5 நாள் கழித்துப் பாருங்கள்.

படி 8: இரசாயன மருந்து தேவைப்பட்டால்

கடைப்பெயரைப் பார்க்காதீர்கள்; உறையில் உள்ள செயல்முறைக் குழு எண்ணை, அதாவது மருந்து பூச்சியை எந்த வழியில் தாக்குகிறது என்பதைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். குளோரான்ட்ரானிலிப்ரோல், சயான்ட்ரானிலிப்ரோல், ஃப்ளூபென்டியமைடு மூன்றும் வேறு வேறு பெயரில் இருந்தாலும் ஒரே 28-ஆம் குழு. ஸ்பினோசாட், ஸ்பினெட்டோரம் 5-ஆம் குழு. எமாமெக்டின் பென்சோயேட் 6. குளோர்ஃபெனாபைர் 13. நோவலூரான், லுஃபெனூரான் 15. இண்டாக்சாகார்ப் 22. பி.டி. 11.

மாற்றும் முறைதான் இங்கே முக்கியம். ஒவ்வொரு தெளிப்புக்கும் ஒரு குழு என்று மாற்றினால், ஒரே தலைமுறைப் புழு எல்லா மருந்தையும் சந்தித்துவிடும். படி 2-இல் போட்ட நாள்கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமுறைக் காலத்துக்குள் தேவைப்பட்டால் ஒரே குழுவை உறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் பயன்படுத்துங்கள். அடுத்த தலைமுறைக் காலத்தில் அந்தக் குழுவைத் தொடவே கூடாது. நாற்றங்காலில் ஊற்றிய மருந்தும் கணக்கில் சேரும். 28-ஆம் குழு மருந்தில் நனைந்து வந்த நாற்றுக்கு, வயலில் முதல் தெளிப்பும் அதே குழுவாக இருந்தால் சுழற்சி தொடங்கும் முன்பே உடைந்துவிட்டது. அந்தப் பயிருக்குப் பதிவு உண்டா, அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்ற இரண்டையும் உறையில் படித்துவிட்டே கலக்குங்கள்.

படி 9: இலையின் அடிப்புறம் நனைகிறதா?

முட்டைக்கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு. வெறும் தண்ணீர் பாதரசம் போல உருண்டு ஓடிவிடும். மருந்துக் கரைசலில் சில துளிகளை இலையில் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். துளி உருண்டால், மருந்தை இலையில் பரவி ஒட்டவைக்கக் கலக்கும் ஒட்டுத் திரவம் போதவில்லை. பரந்து படிந்தால் சரி. அளவு மீறினாலும் தவறு, வழிந்து சொட்டும்.

கூம்பு வடிவில் நுண்துளியாகத் தெளிக்கும் நாசில் போடுங்கள். கைக்குழாயைத் தாழ்த்தி, நாசிலைப் பக்கவாட்டில் சற்று மேல்நோக்கித் திருப்புங்கள். நீர் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் சோதனைத் தாளை நடு இலையின் அடியில் செருகி, வெறும் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பலருடைய வயலில் அந்தத் தாள் மஞ்சளாகவே இருக்கும்.

அளவையும் கணக்கிடுங்கள். 100 சதுர மீட்டரை வழக்கமான நடையில் வெறும் தண்ணீரால் தெளியுங்கள். 5 லிட்டர் செலவானால் ஹெக்டேருக்கு 500 லிட்டர். உறையில் ஹெக்டேருக்கு 500 கிராம் என்று இருந்தால் லிட்டருக்கு 1 கிராம், 10 லிட்டர் டேங்குக்கு 10 கிராம். மூடியால் அளக்காதீர்கள். குறைந்த அளவு மருந்து, ஓரளவு தாங்கும் புழுக்களை மட்டும் பிழைக்கவைத்து அடுத்த தலைமுறைக்கு அனுப்பும்.

படி 10: புழு சாகவில்லை என்றால்

உடனே அளவைக் கூட்டாதீர்கள். முதலில் குற்றம் மருந்திலா, தெளிப்பிலா என்று பிரித்துப் பாருங்கள். மருந்து படாத 8 இலைகளை வெட்டி, 4 இலைகளை உறையில் சொன்ன அளவுக் கரைசலில் 10 விநாடி முக்கி நிழலில் உலர்த்துங்கள். மற்ற நாலையும் ஒட்டுத் திரவம் மட்டும் கலந்த தண்ணீரில் முக்குங்கள். காற்றோட்டமுள்ள டப்பாக்களில் இலைக்கு 5 நடுத்தரப் புழு விட்டு 3 நாள் கழித்து எண்ணுங்கள். வளர்ச்சித் தடுப்பு வகை (15-ஆம் குழு) மருந்தானால் 5 நாள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் இலையிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்திருந்தால் சோதனை செல்லாது, மறுபடி செய்யுங்கள். மருந்து இலையில் எல்லாம் செத்து வயலில் மட்டும் பிழைத்தால் தெளிப்பில்தான் கோளாறு: படி 9-க்குத் திரும்புங்கள். மருந்து இலையை மென்று தின்று புழு கொழுத்திருந்தால் அந்தக் குழு அந்த வயலில் முடிந்தது. அந்தப் பருவம் முழுக்க அதை ஒதுக்கிவையுங்கள், பக்கத்து வயல்காரருக்கும் சொல்லுங்கள். பூச்சி இருவருக்கும் பொது.

படி 11: அறுத்த அன்றே வயலை மூடுங்கள்

கோசை வெட்டிய பின் நிற்கும் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிரிலும் உதிர்ந்த வெளி இலைகளிலும் ஒரு முழுத் தலைமுறை வளர்ந்து அடுத்த நடவுக்குக் காத்திருக்கும். அறுவடை முடிந்த அன்றோ மறுநாளோ கட்டைகளை உழுது மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இலையைக் கொடுப்பதானால், கடைசித் தெளிப்பின் காத்திருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். வரப்பில் முளைத்த காட்டுக்கடுகு, தானாக முளைத்த முள்ளங்கி ஆகியவற்றையும் பிடுங்குங்கள். இனக்கவர்ச்சிப் பொறியை மட்டும் கழற்ற வேண்டாம். அடுத்த நாற்றை எப்போது வலைக்கு வெளியே கொண்டுவரலாம் என்பதை, காலி வயலில் தொங்கும் அந்த அட்டை சொல்லும்.